மலையைக் குடைந்த நகரம்: வெட்டிய கல் எங்கே போகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கற்பனைக் கதையில் ஒரு கருங்கல் மலையின் சரிவைக் குடைந்து செய்த நகரம் வருகிறது. அதில் பத்தாயிரம் பேர் இருக்கிறார்கள். வெடிமருந்து கிடையாது, இயந்திரம் கிடையாது, மந்திரத்தையும் முடிந்தவரை தவிர்க்கப் பார்க்கிறீர்கள். நடுவில் அறுபது மீட்டர் அகலத்தில், தூணே இல்லாத ஓர் அரசவை மண்டபம். இது நிற்குமா, வெட்டி முடிக்க எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நகரம் நிற்கும், உலகில் பல இடங்களில் நின்றிருக்கிறது, சில இடங்களில் இன்னும் நிற்கிறது. மண்டபம் மட்டும் நீங்கள் எழுதியபடி நிற்காது, அதைக் கடைசியில் சொல்கிறேன். வருடக் கணக்கையும் கீழே போட்டுக் காட்டுகிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட இரண்டு கேள்விகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன: வெட்டிய கல்லை எங்கே கொட்டினார்கள்? முதல் தலைமுறை வெட்டி முடித்த பிறகு, அடுத்து வெட்டுகிற உரிமை யாரிடம் இருந்தது?

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சுரங்கப் பொறியியல் படித்தவன். இருபத்திரண்டு வருடமாகப் பாறையை வெட்டுவதும், வெட்டிய இடம் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதும்தான் பிழைப்பு. முதலில் கருங்கல் குவாரி, அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலையில் நீர்மின் திட்டச் சுரங்கப்பாதைகள். குடைவு நகரங்கள் மேல் பித்து வந்தது தனிக்கதை. ஆக, பாறை, காற்று, தண்ணீர் பற்றி நான் சொல்வதை நம்பி எழுதலாம். அங்கே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், யார் யாருக்கு அடங்கினார்கள் என்கிற இடத்துக்கு வரும்போது என் பேச்சில் பாதி ஊகம்தான். அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதல் சிக்கல் உங்கள் ‘கருங்கல்’. தென்னிந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு மலை என்றாலே கருங்கல்தான் நினைவுக்கு வரும், அதனால் எழுதியிருப்பீர்கள். நல்ல கருங்கல்லை நசுக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் பாரம் வேண்டும். அதைக் கையால் குடைவது என்ன பாடு என்று பார்க்க மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளுக்குப் போங்கள். பாறை முகத்தில் ஆழமாக வரி வெட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பார்கள்; நடுவில் துருத்தி நிற்கும் சதுரங்களைத் தட்டி எடுத்துவிட்டு, அடுத்த வரிசைக்கு மறுபடி வரி வெட்டுவார்கள். இப்படியே அங்குலம் அங்குலமாக உள்ளே போக வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுப்பித்ததாக மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தக் குடைவரை நாலு எட்டில் நடந்து முடித்துவிடக்கூடிய அளவு. அரசனின் பணமும் தேர்ந்த கல்தச்சர்களும் இருந்தே அவ்வளவுதான் என்றால், பத்தாயிரம் பேருக்கு வீடு என்பதை நினைத்துப் பாருங்கள்.

மனிதர்கள் நகர அளவில் குடைந்த இடங்களை எடுத்துக்கொண்டால், கிட்டத்தட்ட எல்லாமே மெத்தென்ற கல். துருக்கியின் கப்படோசியாவில் டஃப் எனப்படும் கல். எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து இறுகியது. இத்தாலியின் மட்டேராவில் மெத்தென்ற சுண்ணாம்புக்கல். ஜோர்டானின் பெட்ராவில் மணற்கல். வடசீனாவின் யாவ்தோங் வீடுகளோ பாறையே இல்லை. காற்று கொண்டுவந்து குவித்த லோயஸ் என்னும் மண்மேடு. கப்படோசியா டஃப் நசுங்க சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோ போதும், பல இடங்களில் அதுகூட வேண்டாம். இன்னொரு வசதியும் அதில் உண்டு: வெட்டும்போது ஈரமும் மென்மையுமாக இருக்கும், காற்றுப் பட்டதும் மேல்தோல் இறுகிவிடும். கடினமான கல்லில் பிரம்மாண்டமாகக் குடைந்ததே இல்லையா என்றால், எல்லோரா கைலாசநாதர் கோயில் இருக்கிறது, அது பசால்ட். ஆனால் அது கோயில், ஒரு பேரரசின் கனவு. குடியிருப்புகளுக்கு அவ்வளவு செலவு செய்யத் துணிந்தவர்கள் அபூர்வம்.

ஆக, உங்கள் மலையை டஃப் மலை என்று மாற்றிவிட்டு ஒரு கணக்குப் போடலாம். ஆளுக்குப் பத்து சதுர மீட்டர், இரண்டரை மீட்டர் உயரம், நெருக்கடியான வாழ்க்கைதான். பத்தாயிரம் பேருக்கு இரண்டரை லட்சம் கன மீட்டர். படிக்கட்டு, நடைவழி, தானியக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, மாட்டுக் கொட்டில் எல்லாம் சேர்த்து இன்னொரு மடங்கு வைத்தால் ஐந்து லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் எட்டு லட்சம் டன் கல். ஓர் ஆள் நாளுக்கு அரை கன மீட்டர் வெட்டி வெளியே சேர்ப்பார் என்று வைத்துக்கொண்டால், முந்நூறு பேர் வருடம் 250 நாள் உழைத்தாலும் பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அந்த அரை கன மீட்டர் என் அனுபவத்திலிருந்து வரும் ஊகம். கல்லைப் பொறுத்து இரண்டு மடங்கு கூடலாம், குறையலாம். அதே ஆட்கள் கருங்கல்லில் இறங்கினால் வேகம் இருபதில் ஒரு பங்குக்குப் போய்விடும் என்பது என் மதிப்பு. அப்போது இருநூற்றைம்பது வருடத்தையும் தாண்டும். கதைக்கு அதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான். தாத்தா வெட்டத் தொடங்கிய அறையில் பேரன் கல்யாணம் செய்துகொள்கிறான் என்று எழுதலாம்.

இப்போது கொட்டுகிற விஷயம். பாறையை உடைத்தால் அது பெருகும். ஒரு கன மீட்டர் கெட்டிக் கல் உடைந்து குவிந்தால் ஒன்றரை கன மீட்டராவது இருக்கும். உங்கள் ஐந்து லட்சம் ஏழரை லட்சமாகிறது. ஒரு கால்பந்து மைதானத்தில் சுவர் எழுப்பிக் கொட்டினால் நூறு மீட்டர் உயரத்தைத் தாண்டும். சுரங்கத்தில் இதை மக் என்போம். வெட்டுகிற வேலையை விட மக் அள்ளுகிற வேலைதான் ஆளைக் கொல்லும். நான் படித்த கற்பனைக் கதைகளில் மலை நகரத்தின் அடிவாரம் எப்போதும் பச்சைப் புல்வெளி. எனக்குச் சிரிப்பு வரும். நிஜத்தில் அங்கே ஒரு பெரிய கல்மேடு இருக்கும், அல்லது அந்தக் கல்மேட்டை வைத்து ஏதோ செய்திருப்பார்கள். மட்டேராவில் உள்ளே வெட்டிய கல்லைக் கொண்டே குகையின் முன்பக்கத்துச் சுவரையும் வளைவையும் கட்டிக்கொண்டார்கள். அதனால்தான் அந்த ஊரைப் பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. உங்கள் நகரத்தில் அந்தக் கல்லைச் சரிவில் அடுக்கிப் படிவயல் ஆக்கலாம். நகரம் உள்ளே வளர வளர, வயல் வெளியே வளரும். இரண்டுக்கும் ஒரே கணக்கு. வயல் போதவில்லை என்றால் இன்னும் பத்து வீடு வெட்டச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் உத்தரவு போடலாம், பாருங்கள்.

கொட்டுகிற விஷயத்திலிருந்தே எந்தத் திசையில் வெட்டுவது என்பதும் வருகிறது. செங்குத்தான பாறை முகத்தை மேலிருந்து கீழாகத்தான் வெட்ட வேண்டும். எல்லோராவும் அப்படித்தான், பெட்ராவில் பாதியில் நின்ற கல்லறை ஒன்றில் மேல்பகுதி மட்டும் முடிந்திருப்பதை இன்றும் பார்க்கலாம். இன்னும் வெட்டாத பாறையே சாரமாக உதவும். முடித்த வேலைப்பாட்டின் மேல் கல் விழாது. கீழே குடியேறியவர்கள் இருக்கும்போது மேலே வெட்டத் தொடங்கினால், வாசலில் தினமும் கல்மழைதான். அதனால் உங்கள் நகரத்தில் மேலடுக்குதான் பழையது, கீழடுக்கு புதியது என்று வைப்பது இயல்பாக இருக்கும். பழைய குடும்பங்கள் உச்சியில், வந்தேறிகள் அடிவாரத்தில். சமூகம் எப்படி அமைந்திருக்கும் என்பது என் ஊகம்தான். கல் கீழே விழும் என்பதில் ஊகம் இல்லை.

பெட்ராவைச் சொன்னதும் ஒரு பொதுவான தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நகரத்தின் முகப்பு வர்ணனை அங்கிருந்து வந்தது போலத் தெரிகிறது. நபட்டேயர்களின் அந்தத் தலைநகரத்தில் படங்களில் வருகிற பிரம்மாண்டமான முகப்புகள் பெரும்பாலும் கல்லறைகள். கருவூலம் என்று அழைக்கப்படும் கஸ்னே சுமார் நாற்பது மீட்டர் உயரம். உள்ளே போனால் சில வெற்று அறைகள், அவ்வளவுதான். உயிரோடு இருந்தவர்களில் பலர் பள்ளத்தாக்கில் கல்லால் கட்டிய வீடுகளில் வாழ்ந்தார்கள். மலையில் அழகாக வெட்டியது செத்தவர்களுக்கு. குகைகளில் குடும்பம் நடத்திய பெதூயின் மக்களை அரசாங்கம் பக்கத்துக் கிராமத்துக்குக் குடிபெயர்த்தது 1980-களில்தான்.

நிஜமாகவே பெரிய அளவில் உள்ளே வாழ்ந்ததற்கு எடுத்துக்காட்டு என்றால் கப்படோசியாதான். அங்கே தெரின்குயு என்ற ஊருக்கு அடியில் சுமார் 85 மீட்டர் ஆழம் வரை போகும் ஒரு நிலத்தடி நகரம் இருக்கிறது. 1963-ல் ஒருவர் தன் வீட்டைச் சீர்செய்யச் சுவரை இடித்தபோது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. நடைவழிகளில் திருகைக் கல் போன்ற வட்டக் கதவுகள். உள்ளிருந்து உருட்டி மூடலாம், வெளியிலிருந்து அசைக்க முடியாது. இவ்வளவும் உறுதி. இருபதாயிரம் பேர் வாழ்ந்தார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அதைச் சந்தேகத்தோடு வாசியுங்கள். அது நிரந்தர ஊர் அல்ல, படையெடுப்பு வந்தால் சில நாள், சில வாரம் ஒளிந்திருக்கும் இடம் என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கிற கருத்து. ஒளிந்திருக்க எத்தனை பேர் அடைந்துகொள்ளலாம் என்பதும், ஆண்டு முழுவதும் எத்தனை பேர் வாழலாம் என்பதும் வேறு வேறு எண்கள். யார் முதலில் வெட்டியது என்பதும் விவாதத்தில் இருக்கிறது. கட்டடம் என்றால் மரம், சாந்து, ஓடு என்று காலம் சொல்ல ஏதாவது மிஞ்சும். குடைந்த அறை என்பது வெறும் இல்லாமை. இல்லாத கல்லுக்கு எப்படி வயது பார்ப்பது? அதன் சுவரில் வரைந்த ஓவியத்துக்கு, தரையில் கிடந்த பானைக்கு வயது சொல்லலாம். அந்த அறை அதற்கு எவ்வளவு முன்னால் இருந்தது என்று சொல்ல முடியாது. செனபோன் என்ற கிரேக்கப் படைத்தலைவர் நிலத்தடி வீடுகளைப் பற்றி எழுதியதைச் சிலர் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அவர் சொன்னது இன்னும் கிழக்கே, ஆர்மீனியப் பகுதியில் பார்த்த வீடுகளை.

குடைந்த ஊருக்கும் கட்டிய ஊருக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். கட்டும்போது கூட்டுகிறோம், குடையும்போது கழிக்கிறோம். கட்டிய சுவர் கோணலாகிவிட்டால் இடித்துவிட்டு மறுபடி கட்டலாம். வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது. இங்கேதான் என் இரண்டாவது கேள்வி வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சேலத்துப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் எனக்குப் பாறையைத் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நீளமான கடப்பாரையால் கூரையில் ஒரு தட்டு. “தம்பி, கணீர்னா நில்லுங்க. டொப்புன்னா யோசிக்காம ஓடுங்க” என்பார். கணீர் என்றால் கல் மலையோடு சேர்ந்திருக்கிறது. டொப் என்றால் உள்ளே வெடிப்பு விட்டுப் பிரிந்துவிட்டது. பல வருடம் கழித்து ஒரு சுரங்கப்பாதையில், லாரி திரும்ப இடம் போதவில்லை என்று பக்கச் சுவரில் ஒரு மூலையை அதிகமாக வெட்டிவிட்டார்கள். வரைபடத்தில் இல்லாத வெட்டு. மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓர் இரவு, ஆட்கள் டீ குடிக்க வெளியே வந்திருந்த நேரத்தில், கூரை மொத்தமாக இறங்கியது. வெட்டியவனுக்கு அந்த நிமிடமே தண்டனை கிடைத்தால் யாரும் அதிகம் வெட்ட மாட்டார்கள். பாறை அப்படிச் செய்வதில்லை. காத்திருக்கும்.

இதை ஒரு நகரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். மகனுக்குக் கல்யாணம், ஓர் அறை வேண்டும். பின்சுவரை இரண்டு முழம் வெட்டிக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டிலும் அதே சுவரை அந்தப் பக்கமிருந்து வெட்டியிருக்கிறார்கள் என்பது தெரியாது. மூன்று தலைமுறையில், நாலு அடியாக இருந்த சுவர் ஓர் அடியாகிவிடும். அதன் மேல் ஆறு அடுக்கு வீடுகள். கப்படோசியாவின் ஸெல்வே கிராமத்தில் பாறை இடிந்து விழும் ஆபத்து அதிகமானதால் 1952-ல் மக்களை மொத்தமாக வெளியேற்றினார்கள். மழையும் அரிப்பும் அதற்குப் பெரிய காரணம். உங்கள் நகரம் முந்நூறு வருடம் நிற்க வேண்டும் என்றால், யார் எங்கே எவ்வளவு வெட்டலாம் என்று சொல்ல ஓர் அதிகாரி இருந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். ஒவ்வொரு தூணின் சுற்றளவும் எழுதிய ஓர் ஏடு, வருடத்துக்கொரு முறை கடப்பாரையோடு வீடு வீடாக வந்து கூரையைத் தட்டுகிற ஆட்கள். அந்த ஆள் லஞ்சம் வாங்கினால் என்ன ஆகும் என்பதில் உங்கள் கதை முழுக்க இருக்கிறது. ராஜாவை விட அவனுக்குத்தான் ஊர் பயப்படும்.

மலையின் எந்தப் பக்கம் குடைவது என்பதும் உயிர் பிரச்சினை. படிவுப் பாறைகள் அடுக்கு அடுக்காக இருக்கும். அந்த அடுக்குகள் மலைக்குள் சாய்ந்திருந்தால் நல்லது. பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்தால், அடியில் வெட்டியதும் மேல் அடுக்கு சீட்டுக்கட்டு போல வழுக்கி வரும். இத்தாலியின் வயோன்ட் அணைக்கு மேலே இருந்த மலை 1963 அக்டோபரில் அப்படித்தான் சரிந்தது. சுமார் 26 கோடி கன மீட்டர் பாறை நீர்த்தேக்கத்தில் விழ, எழும்பிய அலை அணையைத் தாண்டிப் போய் இரண்டாயிரம் பேர் வரை கொன்றது. நிலநடுக்கத்தையும் மறக்காதீர்கள். ஜார்ஜியாவின் வார்ட்சியா குடைவு மடம் 12-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கியோர்கியும் அவர் மகள் தாமார் அரசியும் செய்வித்தது. முதலில் அது வெளியே தெரியாத மறைவிடம். 1283 நிலநடுக்கத்தில் மலையின் முன்பக்கம் பெயர்ந்து விழுந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து படம் எடுக்கும் அந்தத் தேன்கூடு போன்ற தோற்றம், உண்மையில் முகம் கிழிந்துபோன ஊர். சீனத்தின் ஷான்சியில் 1556-ல் வந்த நிலநடுக்கத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் இறந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. அந்த எண் எவ்வளவு துல்லியம் என்பது வேறு பேச்சு. லோயஸ் மேட்டைக் குடைந்த வீடுகள் தூங்கியவர்கள் மேல் மூடிக்கொண்டதுதான் அவ்வளவு சாவுக்குப் பெரிய காரணம் என்பதில் சந்தேகமில்லை.

தண்ணீருக்கு நீங்கள் ‘மலைக்குள் ஓர் ஏரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அழகாக இருக்கிறது, ஆனால் அதை விட எளிய வழி உண்டு. நீர் ஊறும் கல்லுக்கு அடியில் நீர் புகாத களிப்பாறை இருந்தால், இரண்டும் சேரும் கோட்டில் ஊற்று வரும். நகரத்தை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே வையுங்கள், அறைகள் காய்ந்திருக்கும், தண்ணீரும் கைக்கெட்டும். அல்லது மட்டேரா வழி: மழைநீரைப் பாறைத் தொட்டிகளில் பிடிப்பது. அங்குள்ள மிகப் பெரிய தொட்டியில் சுமார் ஐம்பது லட்சம் லிட்டர் கொள்ளும். ஒரு தேவாலயம் போல உயரம். ஆளுக்கு இருபது லிட்டர் வைத்தால் உங்கள் ஊருக்கு நாளைக்கு இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். அவ்வளவு பெரிய தொட்டியே இருபத்தைந்து நாளில் காலி. கோடை நாலு மாதம் என்றால் அதுபோல் ஐந்து வெட்ட வேண்டும், அந்த மக்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எதிரியாக வருவதும் உண்டு. பெட்ராவுக்குள் நுழையும் குறுகிய பிளவில் வெள்ளம் பாயாமல் இருக்க நபட்டேயர்கள் அணை கட்டி, பாறையைக் குடைந்து ஓடையைத் திருப்பிவிட்டார்கள். பராமரிப்பு போனபின், 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் அந்தப் பிளவிலேயே இறந்தார்கள்.

காற்றைப் பற்றித்தான் நிறைய பேர் பயப்படுகிறார்கள். முகப்பிலிருந்து இரண்டு மூன்று அறை ஆழம் வரை பெரிய கவலை வேண்டாம். அதற்கும் உள்ளே போனால் செங்குத்துக் காற்றுக்குழாய் தேவை. பாறைக்குள் வெப்பம் வருடம் முழுவதும் அந்த ஊரின் சராசரியை ஒட்டியே இருக்கும். குளிர்காலத்தில் உள்காற்று வெளியை விடச் சூடு. மேல் வாய் வழியே ஏறிப் போகும், கீழ் வாசலில் புதுக்காற்று நுழையும். கோடையில் உள்காற்று குளிர்ந்து கனமாக இருக்கும். கீழ் வாசல் வழியே வழிந்து போகும், மேலிருந்து காற்று இறங்கும். வருடத்தில் இரண்டு தடவை, உள்ளும் வெளியும் ஒரே வெப்பத்தில் இருக்கும் சில நாட்களில், காற்று அப்படியே நின்றுவிடும். சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த நாட்களின் கனம் தெரியும். உங்கள் ஊரில் அந்த நாட்களில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஒரு நோன்பு வைக்கலாம். காரணம் மறந்துபோய் நோன்பு மட்டும் மிஞ்சியிருக்கலாம். விளக்கு அணைந்தால் எச்சரிக்கை என்பது பாதி உண்மை: ஆக்சிஜன் பதினாறு சதவீதத்துக்குப் பக்கத்தில் குறைந்தால் சுடர் அணையும், சரி. ஆனால் கரி அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடை விளக்கு காட்டிக்கொடுக்காது. சமையலறைகளை முகப்பை ஒட்டியே வையுங்கள்.

நாற்றத்துக்கும் இதே போல ஒரு திசை உண்டு. பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும், இரவில் கீழே இறங்கும். தோல் பதனிடுகிறவர்களையும் கழிவுக் குழியையும் அடிவாரத்தில் வைத்தால், பகல் முழுவதும் அந்த நாற்றம் மேலடுக்கு மாளிகை ஜன்னல்களுக்குத்தான் போகும். பணக்காரர்கள் உச்சியில் சுகமாக இருப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஆழத்தில் ஒரு வரம்பு இருக்கிறது. மலையின் நடுவரை குடைந்து போவதாக எழுதியிருக்கிறீர்கள். தலைக்கு மேலே பாறை அதிகமாக ஆக வெப்பம் ஏறும், ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 25 முதல் 30 டிகிரி. சுவிட்சர்லாந்தில் 2016-ல் திறந்த கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்தில் தலைக்கு மேல் 2,300 மீட்டர் மலை இருக்கும் இடத்தில் பாறை 45 டிகிரி வரை சுட்டது. மேலே நூறு மீட்டர் பாறை என்றால் பிரச்சினையே இல்லை. நகரம் சரிவை ஒட்டியே இருக்கட்டும். வெளிச்சமும் அங்கேதான், ஜன்னல் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு தூரத்துக்கு மேல் பகல் வெளிச்சம் உருப்படியாகப் போகாது. மீதி இருட்டறைகள் தானியத்துக்கும் மதுவுக்கும். கப்படோசியாவின் ஒர்தாஹிசார் பக்கம் இன்றைக்கும் டஃப் குகைகளில் எலுமிச்சையும் உருளைக்கிழங்கும் சேமிக்கிறார்கள், மின்சாரக் குளிர்ப்பதனம் இல்லாமல்.

நோயை எழுத மறந்துவிடாதீர்கள். மணற்கல் தூசி கல்வெட்டுகிறவர்களின் நுரையீரலை அடைக்கும், அவர்கள் கிழவர்களாவது அபூர்வம். கப்படோசியாவில் இன்னும் கொடுமையான ஒன்று நடந்தது. கரைன், துஸ்கோய், சரிஹிதிர் என்ற கிராமங்களில் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் வழக்கத்துக்கு மாறாகப் பலரைக் கொல்வதை 1970-களில் துருக்கி மருத்துவர்கள் கவனித்தார்கள். வீட்டுக் கல்லில் இருந்த எரியோனைட் என்னும் நார்போன்ற கனிமம்தான் காரணம் என்று தெரிந்தது. பக்கத்து ஊர்க் கல்லில் அது இல்லை, அங்கே அந்த நோயும் இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சாபம் என்று நினைத்திருக்கக்கூடிய ஒன்று சுவரில் இருந்திருக்கிறது.

கடைசியாக உங்கள் மண்டபம். அறுபது மீட்டர் அகலம், தூண் இல்லை. நார்வேயின் யோவிக்கில் 1994 ஒலிம்பிக்குக்காக மலைக்குள் ஒரு ஹாக்கி அரங்கம் வெட்டினார்கள். அகலம் 61 மீட்டர், தூண் கிடையாது. ஆனால் அது நைஸ் என்னும் கெட்டியான பாறை. வெடிவைத்து வெட்டினார்கள், கூரை நெடுக எஃகுக் கம்பிகளை ஆழமாகச் செருகிக் கட்டினார்கள். உங்களுக்கு வந்திருக்கும் இக்கட்டு இதுதான்: கையால் வெட்ட முடிகிற கல்லில் இவ்வளவு அகலக் கூரை நிற்காது, நிற்கக்கூடிய கல்லைக் கையால் வெட்டி முடியாது. கப்படோசியாவின் அறைகள் பெரும்பாலும் சில மீட்டர் அகலம்தான். ஆகவே டஃபில் ஐந்தாறு மீட்டருக்கு ஒரு தூணை வெட்டாமல் விட்டுவிடுங்கள், கூரையை வளைவாக வையுங்கள், அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள். அறுபது மீட்டர் நீளம் தாராளமாக வரும். அரியணை ஒரு கோடியில் இருந்தால், தூண்களுக்கு நடுவே அரசரின் முகம் தெரிகிற இடம் சிலருக்குத்தான் கிடைக்கும். அந்த இடங்களுக்கு அடிதடி நடக்கும்.